முப்பத்தாறாவது மாணவர்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அந்தக் களைப்பில் நெடுங்காலம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவின் கரும்பலகைக்கு மேலே கவனமானியை மாட்டியது. இந்த மூன்றில் எது பெரியது என்று கேட்டால் தலைமையாசிரியர் யோசிக்கவே மாட்டார். நெருப்புக்கும் சக்கரத்துக்கும் யாரும் திறப்பு விழா நடத்தவில்லை. கவனமானிக்கு நடந்தது. ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோல் இன்னும் அவர் மேசைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

கவனமானி பார்வைக்கு எளிமையானது. உள்ளங்கையளவு கறுப்புப் பெட்டி, நடுவில் ஒரு கண்ணாடிக் கண். வகுப்பிலுள்ள ஒவ்வொரு முகத்தையும் அது இமைக்காமல் பார்க்கும். முகம் நேராக, கண் திறந்து, பலகையை நோக்கி இருந்தால் அது 'கவனம்', பச்சை. முகம் திரும்பினாலும் குனிந்தாலும் அது 'சிதறல்', சிவப்பு. எத்தனை பச்சை, எத்தனை சிவப்பு என்று கூட்டிக் கழித்து, நூற்றுக்கு இத்தனை என்று தலைமையாசிரியர் அறையிலிருந்த திரையில் நொடிக்கு நொடி காட்டும். பாடம் புரிந்ததா என்று மட்டும் கேட்காது. பிள்ளைகளிடம் அவ்வளவு அந்தரங்கமான கேள்வி கேட்பது நாகரிகமல்ல என்று அதைச் செய்த நிறுவனம் கருதியிருக்க வேண்டும்.

திறப்பு விழாவில் அந்த நிறுவனத்தின் ஆலோசகர் பேசினார். சின்ன வயது, டை கட்டியிருந்தார். படித்து முடித்த பிறகு அவர் ஒரு வகுப்பறைக்குள் நுழைவது அன்றைக்குத்தான் என்பதால் அவர் மனதில் கல்வியைப் பற்றித் தவறான கருத்து எதுவும் இல்லை. எந்தக் கருத்துமே இல்லை.

"இத்தனை நாளா டீச்சர்ஸ் பாடம் நடத்தினாங்க. ஆனா பாடம் நடந்துச்சுங்கிறதுக்கு ஆதாரம் கிடையாது. இனிமே ஆதாரம் இருக்கும்" என்றார்.

ஆசிரியர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். இத்தனை வருஷமும் தங்களைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

கணக்கு டீச்சரும் கைதட்டியவர்தான். அவருக்கு இந்தப் பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேல் அனுபவம். அவர் பாடம் நடத்தும் முறை விசித்திரமானது. பலகையில் ஒரு கணக்கை எழுதுவார். "போடுங்க" என்பார். அவ்வளவுதான் பாடம். பிறகு பெஞ்சுகளுக்கு நடுவே மெதுவாக நடப்பார். முப்பத்தைந்து தலைகளும் நோட்டின்மேல் கவிழ்ந்திருக்கும். பென்சில் கீறும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. அந்தச் சத்தத்தைத் தன் வாழ்நாள் சம்பாத்தியம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். யாரும் எடுத்துச் சொல்லாததால் அந்த மடமையிலேயே சந்தோஷமாகவும் இருந்தார்.

முதல் வாரமே குட்டு வெளிப்பட்டது. கணக்கு வகுப்பின் கவனம் நூற்றுக்கு இருபத்தொன்பது.

தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். திரையைத் திருப்பிக் காட்டினார். திரை முழுக்க ரத்தச் சிவப்பு. வரலாறு சாருக்குத் தொண்ணூற்று நான்கு வந்திருப்பதாகவும், அவரைப் பார்த்தாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். வரலாறு சாரின் வெற்றிக்குக் காரணம் பலகைக்கு மேலே குடியிருந்த ஒரு பல்லி. கவனமானிக்குப் பக்கத்திலேயே அது பூச்சி பிடிக்கும். வகுப்பே வாய் பிளந்து அதைப் பார்க்கும். சார் போர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே போவார். சுவரைச் சுத்தம் செய்ய வந்தவரை அவர் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிய சேதி டீச்சர்கள் அறையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தொண்ணூற்று நான்கு தொண்ணூற்று நான்குதான்.

"பிள்ளைங்க எல்லாம் குனிஞ்சே இருக்காங்களே டீச்சர்" என்றார் தலைமையாசிரியர்.

"கணக்குப் போடுறாங்க சார்."

"அது சரி. நிமிர்ந்துக்கிட்டே போட முடியாதா?"

தலைமையாசிரியர் நல்ல மனிதர். ஒரு காலத்தில் வேதியியல் நன்றாக நடத்தியவர். நிர்வாகத்துக்கு வந்த பிறகு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார். அவர் ஒரு சுற்றறிக்கையை நீட்டினார். பருவ முடிவில் எழுபதுக்குக் கீழே இருக்கும் ஆசிரியர்கள் 'வகுப்பறை உடனாளர்' என்ற உயர்ந்த பதவிக்கு மாற்றப்படுவார்கள். காலையில் திரையைப் போடுவதும் மாலையில் அணைப்பதும் உடனாளரின் கடமை. இடையில் பாடத்தைத் திரை பார்த்துக்கொள்ளும். தொடர்ந்து சிவப்பில் இருக்கும் பிள்ளைகள் 'கவன மேம்பாட்டு அறை'க்கு அனுப்பப்படுவார்கள். அது மாடிப்படிக்கு அடியில், உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்திருந்த அறை. பெஞ்சுகளை வெளியே எடுத்துவிட்டு ஒரு திரையை உள்ளே வைத்திருந்தார்கள். அங்கே ஜன்னல் கிடையாது. கவனத்துக்கு ஜன்னல் எதிரி என்று ஆலோசகர் சொல்லியிருந்தார்.

முதல் ஆளாக அந்த அறைக்குப் போகவேண்டியவளின் பட்டப்பெயரே 'ஜன்னல்' என்பது கவனமானியின் தீர்க்கதரிசனத்துக்கு ஒரு சான்று.

ஜன்னல் கடைசி பெஞ்சில் ஓரமாக உட்காருவாள். அவள் தலைக்கு மேலே பின்சுவரில் பள்ளியின் நிறுவனர் படம் மாட்டியிருந்தது. இப்போதைய தாளாளரின் அப்பா. காலமாகிப் பல வருஷம் ஆகிறது. பள்ளியின் முதல் வகுப்பை அந்த அறையில்தான் நடத்தினார் என்பதால் அங்கே மட்டும் ஆளுயரப் படம். பெரியவர் மேலே இருந்து பலகையை நேர்ப்பார்வை பார்க்க, கீழே ஜன்னல் வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். எதிர்க்கட்டடத்து மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதையே பார்ப்பாள். உதடு மட்டும் அசையும்.

போன பருவத்தில் குழாய்க் கணக்கு வந்தது. ஒரு குழாய் தொட்டியை மூன்று மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று ஆறு மணி நேரத்தில். இரண்டையும் திறந்தால் எவ்வளவு நேரம்? வகுப்பே பின்னங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் தொட்டியைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள்.

"ஆறு மணி நேரம் திறந்து விட்டா, முதல் குழாய் ரெண்டு தொட்டி ரொப்பும். அடுத்தது ஒரு தொட்டி. மொத்தம் மூணு தொட்டி. அப்போ ஒரு தொட்டிக்கு ரெண்டு மணி நேரம் போதும் டீச்சர்."

பின்னமே இல்லை. டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து "ம்" என்றார். கவனமானி இல்லாத வீடுகளில் அப்படித்தான் நடக்கும்.

இப்போது அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே தினமும் சிவப்பு. வகுப்பிலேயே கடைசி.

பள்ளியிலிருந்து தகவல் போய் ஜன்னலின் அம்மா வந்தார். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். கையில் சூட்டுத் தழும்புகள். டீச்சர் தைரியம் சொல்லத் தயாராக இருந்தார். பெண் வெளியே பார்க்கும்போதுதான் யோசிக்கிறாள், அதை மெஷினால் புரிந்துகொள்ள முடியாது என்று பொறுமையாக விளக்கினார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"வீட்டுலயும் இப்படித்தான் டீச்சர், எங்கயோ பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. நானும் நல்லதுன்னு நெனச்சுட்டு விட்டுட்டேன். மெஷின் சொல்லித்தான் தெரியுது, இது வியாதின்னு."

"வியாதி இல்லம்மா."

"நீங்க பாசத்துல சொல்றீங்க. மெஷின் எதுக்குப் பொய் சொல்லப் போகுது?" அம்மா தழும்பு விழுந்த கைகளைக் கூப்பினார். "அந்தப் படிக்கட்டு ரூமுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க. எப்படியாவது அவளை நேரா பாக்க வச்சிடுங்க டீச்சர். நீங்க சொன்னா கேப்பா."

அதுதான் சங்கடம். டீச்சர் சொன்னால் அவள் கேட்பாள்.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு டீச்சர் பழுப்புக் காகிதத்தையும் பசையையும் எடுத்துக்கொண்டு வந்து, ஜன்னல் கண்ணாடிகளை ஒன்றுவிடாமல் மூடி ஒட்டினார். தொட்டி மறைந்தது. மாடிப்படிக்கு அடியில் அந்தப் பெண்ணை அடைக்கவிடாமல் காப்பாற்றுகிறோம் என்றுதான் அவர் நினைத்தார். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். விரலில் ஒட்டிய பசையைக் கழுவும்போது அழுகை வந்தது. எழுபதைத் தொடாவிட்டால் தன் கதி என்ன என்ற பயமும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது என்பதை மறைப்பானேன்.

மறுநாளிலிருந்து டீச்சர் நவீன ஆசிரியர் ஆனார். நோட்டுகளை உள்ளே வைக்கச் சொன்னார். கணக்கைத் தானே எழுதி, தானே போட்டு, தானே சரி பார்த்து, தானே 'சபாஷ்' சொல்லிக்கொண்டார். பளிச்சென்ற நிறங்களில் புடவை கட்டினார். கவனம் குறைகிற மாதிரி தெரிந்தால் டஸ்டரைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். பிள்ளைகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். ஜன்னலைத் தனியாக அழைத்து, கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும் புள்ளியை மட்டும் பார்த்தால் போதும், வேறு எங்கேயும் கண் போகக்கூடாது என்று பழக்கினார். அவள் கெட்டிக்காரி. சீக்கிரம் பிடித்துக்கொண்டாள்.

கணக்கு வகுப்பு எழுபதைத் தாண்டியது. எண்பதைத் தாண்டியது. அந்தச் சமயம் பார்த்து வரலாறு சாரின் பல்லி எங்கேயோ போய்விட, எல்லாப் பாடங்களிலும் கணக்குக்குத்தான் முதலிடம். தலைமையாசிரியர் கூட்டம் போட்டுப் பாராட்டினார். நோட்டு வாங்கும் செலவும் மிச்சம் என்றார். டீச்சர்கள் அறையில் மற்றவர்கள் அவரைச் சுற்றி நின்றுகொண்டு, டஸ்டரை எந்த உயரத்துக்குப் போடவேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

ஒரு நாள் டீச்சருக்கு ஆசை வந்தது. ஒரு கொத்தனார் நாலு நாளில் கட்டும் சுவரை இன்னொருவர் பன்னிரண்டு நாளில் கட்டுவார், இருவரும் சேர்ந்தால்? குழாய்க் கணக்கின் தம்பிதான் இது. பழைய ஜன்னல் என்றால் சுவரைக் கட்டி முடித்து வெள்ளையும் அடித்திருப்பாள். அவளை எழுப்பிக் கேட்டார். அவள் எழுந்து, பெட்டியின் புள்ளியையே பார்த்தபடி நின்றாள். கண்கள் அகலத் திறந்திருந்தன. பதில் வரவில்லை.

"நல்லா யோசிச்சியாம்மா?"

"இல்ல டீச்சர். யோசிச்சா கண்ணு தானா எங்கயோ போயிடுது. அதனால இப்ப யோசிக்கிறதில்ல."

அவளுக்கு நேரே பச்சை எரிந்தது.

இந்த நிலையில்தான் பள்ளிக்குப் பெருமை தேடி வந்தது. பருவத்தின் 'முழுக்கவன மாணவர்' யார் என்று கவனமானியே தேர்ந்தெடுத்துச் சொன்னது: ஏழாம் வகுப்பு 'ஆ', மாணவர் 36. பருவம் முழுக்க நூற்றுக்கு நூறு. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை, குனியவில்லை, கொட்டாவி விடவில்லை. தலைமையாசிரியர் உடனே தாளாளருக்குப் போன் செய்து, பரிசளிக்க நாளும் வாங்கிவிட்டார். அதன் பிறகுதான் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். வகுப்பில் முப்பத்தைந்து பேர்தான்.

யாரைச் சேர்க்காமல் விட்டீர்கள் என்று டீச்சரைக் கேட்டார். டீச்சர் குழப்பத்தோடு வகுப்புக்குப் போனார். பலகைக்கு முன்னால் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே பின்வரிசைக்கு வந்து, ஜன்னலின் முகத்தைத் தாண்டிக் கண்ணை உயர்த்தினார். சட்டத்துக்குள்ளிருந்து பெரியவர் அவரை நேர்ப்பார்வை பார்த்தார்.

டீச்சர் ஓடோடி வந்து விஷயத்தைச் சொன்னதும் தலைமையாசிரியர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அங்கே வந்திருந்த ஆலோசகர் மட்டும் அசரவில்லை. கவனமானி தவறே செய்யவில்லை என்றார்.

"அவர் செத்துப்போனவருங்க" என்றார் டீச்சர்.

"இருக்கலாம் மேடம். உயிர் இருக்கா இல்லையான்னு நாங்க அளக்கிறதில்ல. கவனத்தை மட்டும்தான் அளக்கிறோம்."

படத்தைக் கழற்றிவிடலாம் என்றால், மகன் வருகிற நாளில் அப்பா படத்தைக் கழற்ற யாருக்குத் துணிச்சல் வரும்? நெடுநேரம் மண்டையை உடைத்துக்கொண்டு தலைமையாசிரியர் ஒரு முடிவுக்கு வந்தார். மாணவர் 36 அன்றைக்கு உடம்புக்கு முடியாமல் விடுப்பு. பரிசை டீச்சர் வாங்கிக்கொள்வார்.

விழா வகுப்பறையிலேயே நடந்தது. பெரிய திரையை உள்ளே கொண்டுவந்து பலகைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். முப்பத்தாறு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு முகம், முப்பத்தாறும் பச்சை. கவனமானியின் கண்ணில் படாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்த விருந்தினர்கள் அந்தப் பச்சையைப் பார்த்து மலைத்துப்போனார்கள். தலைமையாசிரியர் மாணவர் 36-இன் காய்ச்சலைப் பற்றி வருத்தத்தோடு சொல்லிக்கொண்டிருந்தபோது தாளாளர் குறுக்கிட்டார்.

"விடுப்புன்னு சொல்றீங்க, இங்க பச்சை எரியுதே. வந்திருக்கான் போல. எங்கப்பா நீ, எழுந்திரு பாக்கலாம்."

யாரும் எழுந்திருக்கவில்லை. ஆலோசகர் உற்சாகத்தில் விடுப்பை மறந்து ஒரு பொத்தானை அமுக்கி மாணவர் 36-ஐத் திரை முழுக்கப் பெரிதாக்கினார். வெள்ளை மீசை, சட்டத்தின் ஓரம், கீழே பிறந்த வருஷமும் இறந்த வருஷமும். ஆலோசகர் பதறிப்போய் மறுபடி அமுக்கிப் பழையபடி கட்டங்களைக் கொண்டுவந்தார். அதற்குள் அறையில் இருந்த எல்லோரும் ஒரே சமயத்தில் பின்பக்கம் திரும்பிப் படத்தைப் பார்த்தார்கள். பிள்ளைகளும் திரும்பினார்கள். திரை சரசரவென்று சிவந்தது.

டீச்சர் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பச்சை இன்னும் மிச்சம் இருந்தது. ஒன்று அல்ல, இரண்டு. ஒன்று பெரியவர். மற்றது அவருக்கு நேர் கீழே உட்கார்ந்து, உலகமே திரும்பிப் பார்க்கும்போதும் திரும்பாமல், சொல்லிக்கொடுத்தபடி புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்த ஜன்னல்.

டீச்சர் திரையிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தார். தாளாளருக்கோ கண் கலங்கிவிட்டது.

"அப்பா இன்னும் நம்மளைக் கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு" என்று கைக்குட்டையை எடுத்தார். தலைமையாசிரியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாவின் சார்பில் மகனே பரிசை வாங்கிக்கொள்வது என்று அந்த இடத்திலேயே முடிவாகி, தாளாளர் தன் கையால் தனக்கே கோப்பையை வழங்கிக்கொண்டார். இப்படி ஒரு வகுப்பை உருவாக்கிய டீச்சர் நாலு வார்த்தை பேசவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

டீச்சர் முன்னால் வந்தார். தலைமையாசிரியர் எழுதிக்கொடுத்த நன்றியுரை கையில் இருந்தது. அதை மடித்துவிட்டார்.

"முப்பத்தாறாம் நம்பரைப் பத்தி நான் குறை ஒண்ணும் சொல்ல முடியாதுங்க ஐயா. குனிய மாட்டாரு. எழுத மாட்டாரு. ஒரு கேள்வி கேக்க மாட்டாரு. நான் தப்பாவே சொல்லிக்கொடுத்தாலும் நேரா பாத்துக்கிட்டே இருப்பாரு. ஏன்னா அவர் போய்ச் சேந்துட்டாரு. மெஷினுக்கு இப்படி இருந்தாத்தான் பிடிக்குது. அதனால மத்த முப்பத்தஞ்சு பேரையும் அவர் மாதிரி ஆக்கத்தான் இந்தப் பருவம் முழுக்க நான் பாடுபட்டேன். அதுல ஒருத்தி இன்னைக்கு அவரை எட்டிட்டா. வகுப்புலயே நல்லா யோசிக்கிற பொண்ணு அவ. நான்தான் செஞ்சேன். என் கையாலயே செஞ்சேன்."

தாளாளர் எழுந்து, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அருமையா சொன்னீங்க. ஒருத்தி எட்டிட்டா போதுமா? மீதி முப்பத்தி நாலு பேரையும் இந்த வருஷத்துக்குள்ள முடிச்சிடுங்க."

பலத்த கைதட்டல். அடுத்த ஆண்டு எல்லா வகுப்பறைகளிலும் கவனமானி மாட்டப்படும் என்று தலைமையாசிரியர் அறிவித்தார். பின்சுவர்களுக்கு நிறுவனர் படமும் வாங்கிவிட்டால் சராசரி ஏறும் என்று ஆலோசகர் அவர் காதில் சொன்னார். எல்லோரும் தேநீருக்குப் போனார்கள். பிள்ளைகளும் விளையாடப் போனார்கள். ஜன்னல் மட்டும் போகவில்லை; எழுந்திரு என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

டீச்சர் கடைசி பெஞ்சுக்குப் போய், பழுப்புக் காகிதத்தை நகத்தால் கீறிக் கிழித்தார். பசை நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. துண்டு துண்டாகத்தான் வந்தது. கடைசியில் வெளிச்சம் உள்ளே விழுந்தது. எதிர்மாடியில் தொட்டி அங்கேயேதான் இருந்தது. நிரம்பி, ஓரமாக வழிந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் பார்க்க மாட்டாளா என்று காத்துக்கொண்டு, டீச்சர் அந்தத் தொட்டியையே பார்த்தபடி நின்றார்.

முன்னால் அணைக்காமல் விட்டுப்போன திரையில் புதிதாக ஒரு கட்டம் முளைத்தது. மாணவர் 37. சிவப்பு.

ஜன்னல் புள்ளியிலிருந்து கண்ணை எடுக்காமல், மெல்லிய குரலில், உண்மையான அக்கறையோடு சொன்னாள்:

"நேரா பாருங்க டீச்சர். உங்களைப் படிக்கட்டு ரூமுக்கு அனுப்பிடுவாங்க."